எம்.ஆர்.ஐ. கருவிக்கு எந்தச் சுருள்: விறைப்பானதா, வளைவதா, அலகுகள் மிகுந்ததா?

எம்.ஆர்.ஐ. கருவி வாங்கும்போது பேச்செல்லாம் காந்தத்தைச் சுற்றியே நடக்கிறது. காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, நோயாளி படுக்கும் துளையின் அகலம் 60 செ.மீ.யா 70 செ.மீ.யா என்று மாதக்கணக்கில் விவாதித்துவிட்டு, விலைப்புள்ளியின் கடைசிப் பக்கத்தில் வரும் ரேடியோ அலைச் சுருள்களின் பட்டியலை அரை மணி நேரத்தில் முடித்துவிடும் துறைகளே அதிகம். துறைக்குள் எல்லாரும் ‘காயில்’ என்று சொல்லும் அந்தப் பொருள்தான் உடலிலிருந்து வரும் மிக நலிந்த அலையை முதலில் தொடுகிறது. அங்கே தவறவிட்டதைப் பின்னால் வரும் எந்த மின்னணுவியலும் முழுமையாக மீட்டுத் தருவதில்லை. காந்தத்தை முடிவுசெய்துவிட்டு, எந்தெந்தச் சுருள்களை வாங்குவது, எவற்றைத் தள்ளிவைப்பது என்ற கேள்வியோடு உட்கார்ந்திருப்பவருக்காக இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல் ஒன்று வேண்டும். ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் அதிர்கிறது, ஆகவே 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 64, 3 டெஸ்லாவில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸில் சுருள் ஒத்திசைந்து நிற்க வேண்டும். அந்த அதிர்வெண்ணில் சுருள் சமிக்ஞையை மட்டும் கேட்பதில்லை. உப்புநீர் நிறைந்த உடலின் வெப்ப இரைச்சலையும், தன் சொந்தச் செம்பின் இரைச்சலையும் சேர்த்தே கேட்கிறது. உடலின் இரைச்சலைத் தவிர்க்க வழியில்லை என்றாலும், அதைக் குறைவாகக் கேட்க வழியுண்டு. சுருளின் பரப்பைச் சிறிதாக்கினால் அது ‘பார்க்கும்’ உடற்பகுதி சுருங்குகிறது, இரைச்சலும் சுருங்குகிறது. 1980-இல் பரப்புச் சுருள் அறிமுகமானபோது கிடைத்த லாபம் இதுதான்.

ஆனால் சிறிய வளையத்தின் பார்வை ஆழமாகப் போகாது. வட்ட வளையம் ஒன்றின் உணர்திறன், அதன் அச்சில் ஆரத்தின் அளவு ஆழத்துக்குப் போகும்போதே பரப்பில் இருந்ததில் 35 சதவீதமாகிவிடுகிறது; விட்டத்தின் அளவு ஆழத்தில் 9 சதவீதம்தான் மிஞ்சுகிறது. பெரிய வளையம் ஆழத்தை எட்டுகிறது, கூடவே இரைச்சலையும் வாரிக்கொண்டு வருகிறது. சுருள் தேர்வில் வரும் சச்சரவுகள் பெரும்பாலும் இந்த இழுபறியிலிருந்தே பிறக்கின்றன.

இழுபறியைத் தளர்த்தியது 1990-இல் ரோமரும் அவர் குழுவினரும் வெளியிட்ட அணிச்சுருள் அமைப்பு. அலகுகள் எனப்படும் பல சிறு வளையங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முன்பெருக்கியும் (நலிந்த அலையை முதலில் பெருக்கும் சுற்று) தனித்தனிச் சேனலும் கொடுத்து, படங்களைப் பிறகு சேர்த்துக்கொள்வது அவர்களுடைய யோசனை. பக்கத்து வளையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமலிருக்க, அவற்றைக் குறிப்பிட்ட அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைத்தால் பரிமாற்று மின்தூண்டல் அழிந்துபோகிறது. தள்ளியிருக்கும் வளையங்களின் பேச்சைக் குறைந்த உள்ளீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) கொண்ட முன்பெருக்கி அடக்கிவிடுகிறது. இன்று விற்பனையாகும் பெறுசுருள்கள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டின் வழிவந்தவை. இந்த ஏற்றிவைக்கும் அளவு மாறக்கூடாது என்பதாலேயே அணிச்சுருள்கள் நெடுங்காலம் விறைப்பான கூட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தன.

இனி முதல் தெரிவு. கருவியோடு வரும் உடற்சுருள் துளையின் சுவருக்குள் ஒளிந்திருக்கும் ‘பறவைக்கூண்டு’ வகையைச் சேர்ந்தது. அதன் பணி சீராக அலை பரப்புவது. பெறுவதற்கு அதை நம்புவது, வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். உடலிலிருந்து எட்டத்தில் இருப்பதாலும், துளைக்குள் கிடக்கும் உடல் முழுவதின் இரைச்சலையும் கேட்பதாலும் படம் மணல்மணலாக வரும். வாங்குபவர் முடிவெடுக்க இங்கே அதிகமில்லை. 3 டெஸ்லாவில் மட்டும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பரப்பலுக்கு ஒரே ஊட்டா (அலையாற்றல் சுருளுக்குள் நுழையும் வழி), தனித்தனியே சீர்செய்யக்கூடிய இரண்டு ஊட்டா? அந்த அதிர்வெண்ணில் திசுவுக்குள் அலைநீளம் முப்பது செ.மீ.க்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடுவதால், வயிற்றுப் படங்களின் நடுவில் நிழல் விழுகிறது. வயிறும் இடுப்பும் அதிகம் எடுக்கும் துறைக்கு இரட்டை ஊட்டு பெறுசுருள் பட்டியலைவிட முந்தி நிற்கும்.

அடுத்து, முக்கியமான போட்டி: உறுப்புக்கென்றே வார்க்கப்பட்ட விறைப்புச் சுருளா, போர்வை போல வளையும் சுருளா?

விறைப்புச் சுருளுக்குச் சாதகமான வாதங்கள் பழையவை என்றாலும் வலுவானவை. வளையங்களின் இடம் மாறுவதில்லை. ஒத்திசைவும் தனிமைப்படுத்தலும் தொழிற்சாலையில் ஒருமுறை சரிசெய்யப்பட்டால் அப்படியே நிற்கின்றன. தலைச்சுருளில் இந்த நிலைத்தன்மைக்குப் பெருமதிப்பு உண்டு, ஏனென்றால் தலை ஏறத்தாழ உருண்டை, ஆளுக்கு ஆள் அதிகம் மாறாதது, தலையணைப் பஞ்சு வைத்து அசையாமல் நிறுத்தக்கூடியது. மூளைச் செயல்பாட்டுப் படங்களை நூற்றுக்கணக்கில் அடுத்தடுத்து எடுக்கும்போது சுருள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கில் பிசகு தெரியும். ஆகவே தலைக்கு விறைப்புச் சுருள் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

கழுத்து, தோள், வயிறு, இடுப்பு என்று வந்தால் வாதம் திரும்பிவிடுகிறது. முதுகு கூன் விழுந்தவரின் கழுத்து விறைப்புக் கூட்டுக்குள் அடங்காது. பருத்த தோளுக்குக் கூடு போதாது. மெலிந்த தோளுக்கும் கூட்டுக்கும் இடையே இரண்டு விரற்கடை வெற்றிடம் நிற்கும். அந்த வெற்றிடத்தின் விலையை ஒரு கணக்கில் பார்க்கலாம். 10 செ.மீ. விட்டமுள்ள வளையம் தோலை ஒட்டியிருக்கும்போது 3 செ.மீ. ஆழத்தில் அதன் உணர்திறன் பரப்பில் உள்ளதில் 63 சதவீதம். அதையே 2 செ.மீ. தூக்கிவிட்டால் அதே இடத்தில் 35 சதவீதம். தூக்கும்போது உடலிலிருந்து வரும் இரைச்சலும் ஓரளவு தணியும் என்பதால், சமிக்ஞை–இரைச்சல் விகிதத்தின் (இனி சுருக்கமாக ‘விகிதம்’) இழப்பு இவ்வளவு கொடியதாக இராது. ஆயினும், அலகுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பெறும் லாபத்தை இந்த இரண்டு செ.மீ. எளிதாக விழுங்கிவிடக்கூடும்.

வளையும் சுருள்களை இந்த இடத்துக்கு வரவிட்டது கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் வேலை. அதில் மூன்று தனித்தனிப் பாதைகள் உண்டு என்பதைப் பிரித்துப் பார்ப்பது வாங்குபவருக்கு நல்லது. முதலாவது, செம்புத் தகட்டுக்கும் பல மின்தேக்கிகளுக்கும் பதிலாக நூல் போன்ற நெகிழ்கடத்தியால் வளையம் செய்து, சிறிய மின்னணுவியலை அதில் கோத்துவிடுவது; ஜி.இ. நிறுவனத்தின் ‘ஏர்’ சுருள்கள் இவ்வகை, இவை சந்தையில் கிடைக்கின்றன. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவு சற்று மாறினாலும் வேலைசெய்வது இவற்றின் சிறப்பு. இரண்டாவது, கடத்தும் மையைத் துணி போன்ற படலத்தில் அச்சிடுவது. 2016-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினர். மூன்றாவது, அச்சொன்றிய (கோஆக்சியல்) கம்பியின் உறையில் இடைவெளி வெட்டி அதையே வளையமாக்குவது. இதில் மின்மறுப்பு மிகுந்திருப்பதால் பக்கத்து வளையம் தூண்டும் மின்னோட்டம் பாயவே இடமில்லை. ஏற்றிவைக்கும் அளவு பற்றிய கவலையும் பெரும்பாலும் போய்விடுகிறது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக் குழு 2018-இல் இதைக் கொண்டு கையுறை வடிவச் சுருள் ஒன்றைச் செய்து, விரல்கள் மடங்கி விரியும்போதே படமெடுத்தது.

வளையும் சுருளுக்கு எதிரான வாதங்களையும் மறைக்கக் கூடாது. மெல்லிய கடத்திக்கு மின்தடை அதிகம். சுமையற்ற நிலையிலும் உடல்மேல் வைத்த நிலையிலும் தரக்காரணி (வளையம் எவ்வளவு குறைந்த இழப்போடு அதிர்கிறது என்ற அளவு) எவ்வளவு என்று அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் இதன் விளைவு தெரியும்: சுமையற்றபோது 250, உடல்மேல் 50 என்றால், கிடைக்கக்கூடிய விகிதத்தில் 89 சதவீதம் கைக்கு வருகிறது, சுமையற்றபோது 100, உடல்மேல் 50 என்றால் 71 சதவீதம்தான். 3 டெஸ்லாவில், வயிறு போன்ற பெரிய உடற்பகுதியின் மேல், உடலின் இரைச்சலே ஓங்கி நிற்பதால் கடத்தியின் குறை அதில் மூழ்கிப்போகிறது. 0.55 டெஸ்லா போன்ற தாழ்புலக் கருவியில், அதுவும் மணிக்கட்டு போன்ற சிற்றுறுப்பில், செம்பின் இரைச்சல் தலைதூக்குகிறது. அங்கே கனத்த கடத்தி கொண்ட விறைப்புச் சுருள் தோற்பதற்கில்லை. ஒரே சுருளைப் பற்றி இருவேறு துறையினர் நேரெதிராகச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தப் புலவலிமை வேறுபாடு என்றே கருதுகிறேன்.

இன்னொரு சிக்கல் மூச்சு. வயிற்றின்மேல் கிடக்கும் போர்வை மூச்சோடு ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு வளையமும் எந்த இடத்தை எவ்வளவு கேட்கிறது என்ற உணர்திறன் வரைபடத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை எடுத்துவைத்து அதையே நம்பி வேகமாகப் படமெடுக்கும் முறைகளில், மூச்சை வேறொரு நிலையில் நிறுத்தியவரின் படத்தில் மடிப்புக் கோடுகள் தோன்றும். அளவீட்டுக்குள்ளேயே அந்தத் தகவலைத் திரட்டிக்கொள்ளும் கிராப்பா போன்ற முறைகள் இதைப் பெரிதும் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே வளையும் சுருளை வாங்கும் துறை, தன் மென்பொருளில் எந்த முறை முதன்மையாக இயங்குகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

துப்புரவும் ஆயுளும் சிற்றெழுத்தில் போகும் விஷயங்கள். தையலுள்ள உறையில் நீர்மம் இறங்குமா, துறை பயன்படுத்தும் கிருமிநாசினியை உறை தாங்குமா, ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப மடிக்கும்போது எந்த இணைப்பு முதலில் முறியும் என்பவற்றை விற்பனையாளர் எழுதித் தரட்டும்.

மூன்றாவது தெரிவு அலகுகளின் எண்ணிக்கை. 16, 32, 48, 64 என்று எண் ஏற ஏறத் தரமும் ஏறும் என்று எண்ணிவிடுவது இயல்பு. விளம்பரத் தாள்களும் அதையே தூண்டுகின்றன. இங்கே இயற்பியல் சற்றுக் கறாரானது. தலையைச் சுற்றி வளையங்களைச் சிறிதாக்கிப் பெருக்கினால் மூளையின் புறணியில் விகிதம் நன்றாக உயர்கிறது. மூளையின் நடுப்பகுதியிலோ, 32 அலகுகளுக்குப் பிறகு உயர்வு மிகச் சொற்பம். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2009-இல் 96 சேனல் தலைச்சுருள் செய்து 3 டெஸ்லாவில் சோதித்தபோதும் இந்தப் போக்கே தெரிந்தது. மூளைத்தண்டையும் பிட்யூட்டரியையும் பார்க்க விரும்பும் துறைக்கு 64 என்ற எண் தரும் மகிழ்ச்சி, அந்த ஆழத்தில் கையில் கிடைப்பதைவிடப் பெரிது.

ஆனால் எண்ணிக்கைக்கு வேறொரு பயன் உண்டு, அது வேகம். 1997-இல் சோடிக்சனும் மேனிங்கும், 1999-இல் புரூஸ்மனும் அவர் குழுவினரும் வளையங்களின் இடவேறுபாட்டையே தகவலாகப் பயன்படுத்தி அளவீடுகளைக் குறைக்கும் இணைப் படமெடுப்பைக் காட்டினர். இதற்கு இரண்டு விலை உண்டு. நான்கு மடங்கு முடுக்கினால், அளவீடுகள் குறைந்ததற்காக விகிதம் பாதியாகிறது. அதற்கு மேல், வளையங்களின் வடிவமைப்பைப் பொறுத்து ‘ஜி காரணி’ என்ற தண்டம். அந்தக் காரணி 1.5 ஆக இருக்கும் இடத்தில் கடைசியில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். வளையங்கள் கூடினால் இந்தத் தண்டம் குறைகிறது, ஆனால் அவை முடுக்கும் திசையில் பரவியிருந்தால்தான். 30 அலகுப் போர்வையில் இடம்வலமாக நான்கே நிரை என்றால், இடம்வலமாக முடுக்குபவருக்கு அது நான்கு அலகுச் சுருள் போலவே நடந்துகொள்ளும். ஆகவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது மொத்த எண் அன்று. படப்புலத்துக்குள் ஒரே சமயம் எத்தனை அலகுகள் விழும், எந்தத் திசையில் எத்தனை, அந்தத் திசையில் 2, 3, 4 மடங்கு முடுக்கத்தில் ஜி காரணி வரைபடம் எப்படி என்ற மூன்றும்தான். கருவியின் பெறுதடங்களின் (சேனல்களின்) எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 32 தடமுள்ள கருவியில் 64 அலகுச் சுருளைச் செருகுவதால், இரு அலகுகள் ஒரு தடத்தில் கலக்குமே தவிர வேறு நன்மை இல்லை.

நரம்பியல் பிரிவு தனியாக இயங்கும், வேகமான விரவல் (டிஃப்யூஷன், திசுவுக்குள் நீர் பரவுவதைக் காட்டும்) படங்களும் செயல்பாட்டுப் படங்களும் நாள்தோறும் எடுக்கும் இடத்துக்கு அலகு மிகுந்த தலைச்சுருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பொதுப்பணி செய்யும் துறைக்கு 16 முதல் 32 வரை போதும். மிஞ்சும் தொகை வளையும் சுருளின் இரண்டாம் அளவுக்குப் போகட்டும். குழந்தைகள் வரும் இடத்தில் பெரியவர்களின் கூட்டுக்குள் சிறு தலையைப் பஞ்சு சுற்றிவைப்பதைவிட, சிறிய வளையும் சுருளைச் சுற்றிவைப்பது பல சமயம் மேல்.

நான்காவது தெரிவு, தானே பரப்பித் தானே பெறும் முழங்கால் அல்லது தலைச்சுருள். இது பழைய பாணி என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முழங்காலுக்கு மட்டும் அலை பரப்பினால் மற்றக் கால் தூண்டப்படுவதே இல்லை, எனவே அதன் பிம்பம் படத்துக்குள் மடிந்து விழுவதில்லை. உடல் உட்கொள்ளும் ரேடியோ ஆற்றலும் குறுகிய பகுதிக்குள் நின்றுவிடுகிறது. முழு உடலுக்கு இயல்பு நிலையில் கிலோவுக்கு 2 வாட் என்ற பன்னாட்டு வரம்பு, உடற்சுருளால் பரப்பும்போது 3 டெஸ்லாவில் அடிக்கடி குறுக்கே நிற்கும். இங்கே அந்த நெருக்கடி தளர்கிறது. உடலுக்குள் பொருத்தப்பட்ட கருவி உடையவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: சில ஆழ்மூளைத் தூண்டிகளின் அறிவுறுத்தல்கள் இவ்வகைத் தலைச்சுருளைக் கட்டாயமாக்கியிருந்தன. அத்தகைய நோயாளிகள் வரும் துறை இந்தப் பட்டியலிலிருந்து அதை அடித்துவிடுவதற்கு முன் அறிவுறுத்தல் தாள்களை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

சமிக்ஞையைச் சுருளுக்குள்ளேயே எண்ணிலக்கமாக்கி ஒளியிழை வழியே அனுப்பும் ஏற்பாட்டை பிலிப்ஸ் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு வாக்கில் கொண்டுவந்தது. நீண்ட செம்புக் கம்பிகளில் நேரும் இழப்பும் கலப்பும் இதில் நீங்குகின்றன. தடங்களை விரித்துக்கொள்வதும் எளிது. ஆயினும் நல்ல முன்பெருக்கி வளையத்தருகிலேயே அமர்ந்திருந்தால் விகிதத்தின் பெரும்பகுதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இதை ஒரு கூடுதல் வசதியாகக் கருதலாம், இதற்காகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. கம்பியே இல்லாத சுருள், திரவ நைட்ரஜனில் குளிர்ந்த சுருள் முதலியன இன்னும் ஆய்வகப் பொருள்கள். குளிரூட்டல் செம்பின் இரைச்சலைத்தான் அடக்கும் என்பதால், எலியின் மூளைக்குப் பெரிதும் உதவும் அந்த முறை மனித வயிற்றுக்கு ஏன் உதவாது என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்தே விளங்கும். 7 டெஸ்லாவில் பல தடங்களில் பரப்பும் சுருள்கள் தவிர்க்கவியலாதவை ஆகிவருகின்றன. அது வேறு ஒப்பீட்டுக்குரியது.

இரைச்சல் நீக்கும் ஆழ்கற்றல் மென்பொருள் இருக்கும்போது நல்ல சுருள் எதற்கு என்ற கேள்வியை இப்போது அடிக்கடி கேட்கிறேன். மென்பொருள் படத்தைத் துலக்குகிறது, நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பழுதான அலகால் ஒரு மூலை இருண்டிருந்தால், அதையும் வழவழப்பாக்கி, பழுதை நம் கண்ணுக்கு மறைத்துவிடும். இந்தக் குணம் மென்பொருளுக்கு முன்பே, பிரகாசத்தைச் சமன்செய்யும் வடிகட்டிகளிடம் இருந்ததுதான். இருபது அலகுகளில் ஒன்று செத்துப்போனால் படத்தைப் பார்த்து எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்த ஓரத்தில் சிறு புண் ஒன்று இருந்து அது தெரியாமல் போனாலும் எவருக்கும் தெரியாது.

பாதுகாப்பில் வளையும் சுருளுக்கும் விறைப்புச் சுருளுக்கும் ஒரே விதிதான். பரப்பும்போது பெறுசுருள் ஒத்திசைவு குலைந்து உறங்க வேண்டும். அதற்கான டயோடுச் சுற்று பழுதானால் வளையம் சூடேறும். கம்பியின் வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் பொறிகள் கம்பி நெடுகிலும் இருக்க வேண்டும். கம்பி நோயாளியின் தோலைத் தொடாமலும் தன்மேல் தானே வளையமாகச் சுருண்டுகொள்ளாமலும் பார்த்துக்கொள்வது தொழில்நுட்பரின் கை. இலகுவான போர்வையை எப்படியும் போட்டுவிடலாம் என்ற நினைப்பு வருவதால், வளையும் சுருளில் இந்தக் கவனம் ஒருபடி கூடுதலாகவே வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் வலியுறுத்தும் ஒரு வரி உண்டு. ஒவ்வொரு சுருளுக்கும், ஃபான்டம் எனப்படும் சோதனைப் பொருளை வைத்து, ஒவ்வோர் அலகின் விகிதத்தையும் அலகுகளுக்கிடையே இரைச்சல் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற அணியையும் ஒப்படைக்கும் நாளன்றே எடுத்து, பதப்படுத்தாத தரவோடு துறையின் கையில் தர வேண்டும். வடிகட்டிகளை அணைத்து அதே சோதனையைத் துறையே மாதந்தோறும் செய்துகொள்ள வழியும் காட்ட வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளும் விற்பனையாளரின் 16 அலகுச் சுருளை, தயங்குபவரின் 48 அலகுச் சுருளுக்கு முன்னால் வைப்பேன்.